தந்தையின் தொழில்: பிரைவேட்

மகளை ஆறாம் வகுப்பில் சேர்த்தபோது பள்ளிக்கூட விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'பிரைவேட்' என்று எழுதினேன். வங்கிக் கணக்கு தொடங்கியபோதும் அப்படித்தான், கேஸ் இணைப்பு வாங்கியபோதும் அப்படித்தான். நான் ஒரு வெல்டர். இருபத்தோரு வருஷம் இரும்பையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் ஒட்டி வந்தவன். ஆனால் யாராவது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் மணலியில் ஒரு கம்பெனியில் இருக்கிறேன் என்றுதான் சொல்வேன், வெல்டர் என்று வாயைத் திறந்து சொன்னதாக ஞாபகமே இல்லை. வேலை வேறு, தொழில் வேறு என்பது எனக்குப் புரிய 2023 ஆகஸ்டிலிருந்து எட்டு மாதமும் கிட்டத்தட்ட மூன்று லட்ச ரூபாயும் ஆனது. மணலி, எண்ணூர், அம்பத்தூர் பக்கம் என்னை மாதிரி ஒரே கம்பெனியில் வருஷக்கணக்காக இருக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். என்னிடம் யாரும் சொல்லவில்லை, அதனால் நான் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டிலேயே இதற்கு உதாரணம் இருந்தது, நான்தான் பார்க்கவில்லை. நைனா பெரம்பூர் பி அண்ட் சி மில்லில் தறி ஓட்டியவர். 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் ஆரம்பித்த அதே மில். அதில் வேலை என்றால் ஒரு காலத்தில் பெண் கொடுக்க வரிசையில் நிற்பார்கள் என்று ஆயா சொல்லும். 1996-ல் மில் மூடியபோது எனக்குப் பதினைந்து வயது. நைனாவுக்கு அந்த மில்லின் அந்தத் தறியை ஓட்டத் தெரியும், அதை வெளியே எங்கே போய்ச் செய்வது? மில் திறப்பார்கள், திறப்பார்கள் என்றே இரண்டு வருஷம் சொல்லிக்கொண்டிருந்துவிட்டு பாரிமுனையில் ஒரு குடோனில் ராத்திரி வாட்ச்மேனாகப் போனார். சித்தப்பாவோ காசிமேட்டில் போட் இன்ஜின் மெக்கானிக். ஒருநாள்கூட சம்பளச் சீட்டு வாங்கியதில்லை. துறைமுகத்தில் எந்த விசைப்படகு நின்றுபோனாலும் அவரைத் தேடி ஆள் வரும். எனக்கு அந்த வயதில் நைனாவின் வேலைதான் கௌரவமாகத் தெரிந்தது. யூனிஃபார்ம், சைக்கிள் டோக்கன், போனஸ். சித்தப்பாவின் கையில் எப்போதும் கிரீஸ்.

2002-ல் மணலியில் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் ஹெல்பராகச் சேர்ந்தேன். ரிஃபைனரிக்கும் உரத் தொழிற்சாலைகளுக்கும் பைப் வேலை செய்து கொடுக்கும் இடம். இரண்டு வருஷம் கிரைண்டர் பிடிப்பதும் சிலிண்டர் உருட்டுவதும்தான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மேஸ்திரி ஸ்கிராப் பிளேட்டைக் கொடுத்து ராடு ஓட்டச் சொல்வார். "கண்ணால மட்டும் பாக்காத, காதால கேளு. வடை பொரியிற சத்தம் வரணும்" என்பார். சத்தம் வந்த அன்றைக்கு எனக்குக் கிடைத்ததுதான் தொழில். ஆனால் நான் சந்தோஷப்பட்டது அதற்கு இல்லை, 2008-ல் கான்ட்ராக்டர் கணக்கிலிருந்து கம்பெனி கணக்குக்கு மாற்றி ஐடி கார்டு கொடுத்தார்களே, அன்றைக்குத்தான். 2009-ல் ஆறு ஜி டெஸ்ட் பாஸ் ஆனேன். வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன், பைப்பை நாற்பத்தைந்து டிகிரி சாய்வில் அசையாமல் கட்டிவிடுவார்கள், நாம்தான் அதைச் சுற்றிச் சுற்றி, குனிந்து, படுத்து, மேலேயும் கீழேயும் ஒட்ட வேண்டும். அதை ஆர்கானில், அதாவது ஆர்கான் வாயுவை வைத்துச் செய்யும் நுணுக்கமான வெல்டிங் முறையில், பாஸ் பண்ணியவனுக்கு எங்கே போனாலும் மரியாதை உண்டு. எனக்கும் அடுத்த ஒன்பது வருஷம் இருந்தது.

2018-ல் நான் செய்த காரியத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், என் நஷ்டத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஸ்ட்ரக்சர் ஷெட்டில் ஆள் தேவைப்பட்டது. தூண், பீம், ஏணி, கைப்பிடி, எல்லாம் சி.ஓ.டூ வெல்டிங், கம்பி தானாக வந்து ஊட்டும் வேறு முறை. ராத்திரி ஷிஃப்ட் இல்லை, மாதம் 1,500 ரூபாய் கூட, ஒட்டிய இடத்தை எக்ஸ்ரே எடுத்துச் சோதிக்கும் தலைவலி கிடையாது. மகள் சின்னப் பிள்ளை, சாயந்திரம் வீட்டுக்குப் போகலாம் என்று ஒத்துக்கொண்டேன். தப்பு என்று சொல்லவில்லை, குடும்பத்துக்கு அது நல்ல முடிவுதான். ஆனால் அதற்கப்புறம் ஐந்து வருஷம் ஆர்கான் டார்ச்சை நான் தொடவே இல்லை. கம்பெனிக்கு என் தொழிலில் ஒரு துண்டு போதுமாக இருந்தது, அந்தத் துண்டுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். மீதியைத் துருப்பிடிக்காமல் வைத்துக்கொள்வது என் பொறுப்பு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

2023 ஆகஸ்ட் 18, வெள்ளிக்கிழமை. சாயந்திரம் நாற்பது பேரை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். ஆர்டர் இல்லை, ஒரு மாதச் சம்பளம் கணக்கில் வரும், திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம். அவ்வளவுதான். சிலர் அழுதார்கள். எனக்குப் பெரிய கவலை இல்லை. கையில் தொழில் இருக்கிறது, ஒரு வாரத்தில் வேறு இடம் என்று மனைவியிடம் சொன்னேன், மனதாரத்தான் சொன்னேன். ஹெல்மெட்டையும் டிபன் பாக்ஸையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதுதான் முதல் தப்பு. அந்த ஆபீசில் என்னைப் பற்றி இருந்த காகிதங்களில் ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை.

செப்டம்பர் முதல் வாரம் ஒரு கான்ட்ராக்டரிடம் போனேன், ஷட் டவுன் வேலைக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு யூனிட்டை நிறுத்தி இருபது முப்பது நாளில் பராமரிப்பு முடிக்கும் வேலை, பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், ஆர்கான் வெல்டருக்கு நாள் கூலி 1,500. என்னைவிடச் சின்ன வயசு சூப்பர்வைசர் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணே, பழைய டபிள்யூ.பி.க்யூ. காப்பி இருக்கா? கன்டினியூட்டி ரெக்கார்டு இருக்கா?" டபிள்யூ.பி.க்யூ. என்றால் வெல்டர் டெஸ்ட் பாஸ் ஆனதற்கான சான்று, கன்டினியூட்டி ரெக்கார்டு என்றால் அந்த முறையில் விடாமல் வெல்டிங் செய்து வந்ததற்கான பதிவு. இருபத்தோரு வருஷ அனுபவம் என்றேன். "அது சரிண்ணே, பேப்பர் இருக்கா?" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். பழைய கம்பெனிக்குப் போன் போட்டேன். தரம் பார்க்கும் க்யூ.சி. ஆபீசில் இருந்தவரும் போய்விட்டார், ஃபைல் எங்கே என்று தெரியாது, வெளியே கொடுக்கிற வழக்கமும் இல்லை என்றார்கள். கேட்டுக்குள் என்னை விடவில்லை.

இதில் விஷயம் தெரிந்தவர்கள் கேட்பீர்கள், டபிள்யூ.பி.க்யூ. என்பது அந்தந்தக் கம்பெனி தன் வேலைக்காக எடுக்கும் டெஸ்ட், அடுத்த கம்பெனி எப்படியும் தன் டெஸ்டை வைக்கத்தானே போகிறது என்று. உண்மைதான். ஆனால் அந்தக் காப்பி இருந்தால் டெஸ்டுக்குக் கூப்பிடும் வரிசையில் முன்னால் நிற்கலாம், இல்லையென்றால் தெருவில் நிற்க வேண்டும். இன்னொன்று, அதைவிட முக்கியம். ஆஸ்மி செக்‌ஷன் ஒன்பது என்ற வெல்டிங் விதிநூலில் ஒரு விதி இருக்கிறது, ஒரு வெல்டிங் முறையில் ஆறு மாதத்துக்கு மேல் வெல்டிங் செய்யாமல் இருந்தால் அந்த முறையில் உள்ள தகுதி போய்விடும். அதாவது 2009-ல் நான் வாங்கிய ஆர்கான் தகுதி, கம்பெனியில் நான் நிரந்தர ஊழியனாக இருந்தபோதே, சம்பளம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தபோதே, 2018 கடைசியிலோ 2019 ஆரம்பத்திலோ செத்துப்போயிருக்கிறது. எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை, நான் இருந்த ஷெட்டுக்கு அது தேவைப்படவில்லை. அன்றைக்கு ராத்திரி இதை நினைத்துப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது.

அந்தத் தம்பி பரிதாபப்பட்டு, தெரிந்தவர் மூலமாக டெஸ்டுக்கு விட்டார். இரண்டு அங்குல பைப். கடிகாரம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள், மேலே பன்னிரண்டு மணி, அடியில் ஆறு மணி. அடியிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டு துண்டுக்கும் நடுவே மூன்று மில்லிமீட்டருக்குள் இடைவெளி. சூட்டில் இரண்டு விளிம்பும் உருகும்போது நடுவில் ஒரு சின்ன ஓட்டை திறக்கும், கீ ஹோல் என்போம். அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டே ஃபில்லர் கம்பியை ஊட்டினால்தான் உள்பக்கம் சரியாகப் பிடிக்கும். எனக்கு அந்த ஓட்டை மங்கலாகத் தெரிந்தது. கண்ணாடியைத் துடைத்தேன், லைட் போதவில்லை என்று நினைத்தேன், இன்னும் கிட்டே போனேன், கிட்டே போகப் போக இன்னும் மங்கல். ஆறு மணிக்குக் கீழே படுத்துக்கொண்டு கை நடுங்கியது. எக்ஸ்ரே வந்தது, ஐந்து மணியிலிருந்து ஏழு மணி வரை உள்ளே பிடிக்கவே இல்லை. ஃபெயில். ஹெல்பராக இருந்த பையன்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கண் விஷயத்தை மூன்று மாதம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். திருவொற்றியூர்த் தேரடியில் கண்ணாடிக் கடைக்காரர் சொன்னார், நாற்பது தாண்டினால் கிட்டத்தில் இருப்பது மங்கலாவது எல்லாருக்கும் வருவதுதான் என்று. பீம் வெல்டிங்கில் தடித்த தையல், தூரத்திலிருந்தே தெரியும், அதனால் ஐந்து வருஷமாக எனக்குத் தெரியவில்லை. வெல்டிங் ஹெல்மெட்டுக்குள் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் செருகிக்கொள்ளும் பூதக்கண்ணாடி லென்ஸ் ஒன்று இருக்கிறது, 250 ரூபாய்தான். அந்த 250 ரூபாய் லென்ஸ் செப்டம்பரிலேயே இருந்திருந்தால் பாதிப் பிரச்சினை இல்லை. நாற்பது வயதைத் தாண்டிய வெல்டர், ஃபிட்டர், தையல்காரர், வாட்ச் ரிப்பேர் செய்பவர் யாராக இருந்தாலும் வருஷம் ஒருமுறை கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள். கை போய்விட்டது என்று நினைத்து மனம் உடைந்துபோயிருந்தேன், போனது கை இல்லை.

டெஸ்டில் ஃபெயிலான அவமானத்தில்தான் அக்டோபரில் இன்னொரு குழியில் விழுந்தேன். மண்ணடியில் ஓர் ஏஜென்ட், கத்தாரில் வெல்டர் வேலை, டெஸ்ட் வேண்டாம் என்றார். டெஸ்ட் வேண்டாம் என்ற வார்த்தை எனக்குத் தேனாக இனித்தது, அதுதான் எச்சரிக்கை மணி என்று அப்போது உறைக்கவில்லை. மனைவியின் சங்கிலியை அடகு வைத்து முதல் தவணை 40,000 கட்டினேன். மெடிக்கல் என்றார்கள், விசா வருகிறது என்றார்கள், நவம்பரில் கதவில் பூட்டு. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்டுகள் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும், இமைகிரேட் இணையதளத்தில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். தொழிலாளியிடம் அவர்கள் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். இரண்டு நிமிஷம் செல்போனில் பார்க்கும் வேலை. அந்த 40,000 திரும்பி வரவில்லை, இன்னும் புகார் அளவில் கிடக்கிறது.

டிசம்பர் 4-ம் தேதி மிக்ஜாம் புயல். எங்கள் வீடு திருவொற்றியூரின் மேற்குப் பக்கம், தாழ்வான இடம். இடுப்பளவு தண்ணீர் இரண்டு நாள் நின்றது, எண்ணூர்ப் பக்கம் எண்ணெய் கலந்து வந்த வெள்ளத்தில் படகும் வலையும் கறுத்துப்போனதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டியில் என்னிடம் இருந்த கொஞ்சம் சம்பளச் சீட்டுகள், 2008-க்கு முந்தின கேட் பாஸ் இரண்டு, நியமனக் கடிதம் எல்லாம் ஊறிக் கூழாகிவிட்டன. நியமனக் கடிதத்தை மட்டும் மனைவி ஃபேன் காற்றில் உலர்த்தி எடுத்தாள். உங்களிடம் இருக்கும் ஒவ்வொரு காகிதத்தையும் இன்றைக்கே போட்டோ எடுத்து உங்கள் மெயிலுக்கு நீங்களே அனுப்பிவையுங்கள். வட சென்னையில் இருந்துகொண்டு காகிதத்தைக் கட்டிலுக்கடியில் வைக்கக் கூடாது.

பணம் வர வேண்டிய இடங்களைப் பற்றிச் சொல்கிறேன், இதில் பாதி நான் தாமதமாகக் கற்றுக்கொண்டது. பி.எஃப். எடுக்கப் போனால், நான் வேலையை விட்ட தேதியைக் கம்பெனி பதிவே செய்யவில்லை. கம்பெனிக்காரர்களைக் கெஞ்சிக்கொண்டு ஒன்றரை மாதம் அலைந்தேன். கடைசி சந்தா கட்டி இரண்டு மாதம் ஆகிவிட்டால் அந்தத் தேதியை நாமே யு.ஏ.என். என்ற நம் பி.எஃப். எண்ணை வைத்துக் கணக்கில் போய்ப் பதிவு செய்யலாம் என்று அப்புறம்தான் தெரிந்தது. அடுத்து, ஆதாரில் என் இனிஷியல் பின்னால் இருக்கிறது, பி.எஃப். கணக்கில் முன்னால் இருக்கிறது, அதைத் திருத்த இன்னும் இரண்டு மாதம். வேலையில் இருக்கும்போதே பெயர், பிறந்த தேதி, வங்கிக் கணக்கு, நாமினி நான்கையும் சரிபார்த்துவிடுங்கள், வேலையை விட்டபின் அதே திருத்தத்துக்கு உயிரை வாங்குவார்கள். பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். பத்து வருஷத்துக்கு மேல் சந்தா கட்டியிருந்தால் அதை எடுக்க முடியாது, ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கி வைத்துக்கொண்டால் வயதான காலத்தில் மாதப் பென்ஷன் வரும். அதை அங்கேயே விட்டுவிட்டேன்.

வேலையை விடும்போது கம்பெனி தர வேண்டிய கிராஜுவிட்டியின் கணக்கு எளிது. நான் வேலையை விட்டபோது இருந்த முறைப்படி, கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்த தொகையைப் பதினைந்தால் பெருக்கி இருபத்தாறால் வகுத்து, வருஷத்தால் பெருக்க வேண்டும். எனக்கு 15,600 ரூபாய், ஆக வருஷத்துக்கு 9,000. இருபத்தோரு வருஷத்துக்கு 1,89,000 வர வேண்டும் என்று உட்கார்ந்திருந்தேன். கம்பெனி கணக்கில் நான் இருந்தது பதினைந்து வருஷம்தான், ஆக 1,35,000. முதல் ஆறு வருஷம் நான் கான்ட்ராக்டர் ஆள். அதே ஷெட், அதே மேஸ்திரி, அதே வேலை, ஆனால் காகிதத்தில் வேறு முதலாளி. அதை நிரூபிக்க என்னிடம் இருந்த இரண்டு கேட் பாஸும் வெள்ளத்தில் போயின. 54,000 ரூபாய் அப்படிப் போனது. மீதித் தொகையும் தானாக வரவில்லை. முப்பது நாளைக்குள் கொடுக்க வேண்டும், தாமதித்தால் வட்டியோடு கொடுக்க வேண்டும் என்பது சட்டம். நான் வாய்வார்த்தையாகவே ஐந்து மாதம் கேட்டுக்கொண்டிருந்தேன். வாயால் கேட்டால் கேட்டதாக ஆகாது. எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ள வேண்டும். 2024 பிப்ரவரியில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் தொழிலாளர் துறையில் மனு கொடுத்தேன். தேரடியில் மெட்ரோ ஏறினால் நேராக அங்கேயே இறங்கலாம், ஐந்து தடவை போய் வந்தேன், ஜூலையில் பணம் வந்தது.

அந்த மனுவை எழுத உதவியவர் எங்கள் தெருவில் குடியிருக்கும் வக்கீல் அக்கா. அவர் சொன்ன ஒரு விஷயம்தான் எனக்கு மொத்தத்தையும் விளங்க வைத்தது. இடையில் மூன்று வருஷம் ஒரு கம்பெனியின் சட்டப் பிரிவில் மாதச் சம்பளத்துக்கு இருந்திருக்கிறார். வக்கீலாகப் பதிவு செய்தவர் முழு நேரச் சம்பள வேலைக்குப் போனால் பார் கவுன்சிலுக்கு எழுதிக் கொடுத்துத் தன் சன்னதை, அதாவது வக்கீல் பதிவை, நிறுத்திவைக்க வேண்டுமாம். வேலையை விட்டதும் மறுபடி எழுதிக் கொடுத்து உயிர்ப்பித்துக்கொண்டார். "சன்னது என் பேர்ல இருக்கு தம்பி, கம்பெனி பேர்ல இல்ல. அதனாலதான் நிறுத்தவும் என்னால முடிஞ்சுது, திரும்ப எடுக்கவும் முடிஞ்சுது" என்றார். வக்கீல், டாக்டர், நர்ஸ் இவர்களுக்கெல்லாம் தொழிலைப் பதிந்து வைக்க ஓர் அமைப்பு இருக்கிறது. வெல்டருக்கும் ஃபிட்டருக்கும் டர்னருக்கும் கவுன்சில் கிடையாது. ஆகவே பதிவேட்டை நாமே வைத்துக்கொள்ள வேண்டும், வேறு வழி இல்லை.

ஜனவரியிலிருந்து அதைச் செய்தேன். வியாசர்பாடியில் ஒரு பட்டறைக்காரரிடம் பேசி, ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மெஷினில் பழகினேன். ஸ்கிராப் பைப், ஆர்கான், ஃபில்லர், பட்டறைக் கட்டணம் எல்லாம் சேர்த்து 18,600 ரூபாய். முதல் இரண்டு வாரம் கை பழைய மாதிரி வரவில்லை, மூன்றாம் வாரம் லென்ஸைப் போட்டுக்கொண்டு கீ ஹோலைப் பார்த்தேன், அப்படியே பளிச்சென்று நின்றது, சின்ன நிலா மாதிரி. அழுகை வந்துவிட்டது. பட்டறைக்காரர் புகை என்று நினைத்து ஃபேனைத் திருப்பிவிட்டார். மார்ச்சில் டெஸ்ட் பாஸ் ஆனேன். அன்றைக்கே காப்பி கேட்டு வாங்கினேன். ஒரு நோட்டு போட்டேன், தேதி, இடம், என்ன முறை, என்ன பைப் சைஸ், யார் பார்த்துக் கையெழுத்துப் போட்டது என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி. ஆறு மாதத்துக்குள் ஒவ்வொரு முறையிலும் ஒரு வரியாவது விழ வேண்டும் என்பது எனக்கு நானே வைத்துக்கொண்ட சட்டம். அனுபவத்தை வைத்துச் சான்றிதழ் கொடுக்கும் அரசுத் திட்டங்களும் இருக்கின்றன, ஐ.டி.ஐ. படிக்காதவர்கள் வாங்கி வைத்துக்கொள்வது நல்லதுதான். ஆனால் அதைக் காட்டினால் டெஸ்ட் இல்லாமல் எடுத்துவிடுவார்கள் என்று நம்பாதீர்கள், எங்கள் தொழிலில் எக்ஸ்ரே ஃபிலிம்தான் பேசும்.

ஏப்ரலில் இருபத்துநான்கு நாள் ஷட் டவுன் வேலை கிடைத்தது, 36,000 கைக்கு வந்தது. அது முடிந்ததும் சித்தப்பா கூப்பிட்டார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அறுபத்தோரு நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்கும், பழுது பார்ப்பது அத்தனையும் அப்போதுதான் நடக்கும். ஒரு படகுக்கு ஸ்டெயின்லெஸ் புகைக்குழாய் வெட்டி ஒட்ட வேண்டும். எவ்வளவு என்று கேட்டார்கள். இருபத்தோரு வருஷத்தில் என்னை யாரும் விலை கேட்டதில்லை. வாய்க்கு வந்தபடி 3,000 என்றேன். ஆர்கான் 450, ஃபில்லர் 380, டங்ஸ்டனும் கிரைண்டிங் வீலும் 210, மெஷினைக் கொண்டுபோக ஆட்டோ 600, ஜெனரேட்டருக்கு டீசல் 400, கூட வந்த பையனுக்கு 700. மொத்தம் 2,740. பத்து மணி நேரம் வெயிலில் நின்றதற்கு எனக்கு 260 ரூபாய். கம்பெனியில் இதெல்லாம் தானாக வந்து நிற்கும், யார் பணம் கட்டுகிறார்கள் என்று யோசித்ததே இல்லை. தொழில் தெரிவது என்றால் அதன் விலையும் தெரிய வேண்டும் என்று சித்தப்பா அன்றைக்குத்தான் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்: சாமான் செலவு தனி, போக்குவரத்து தனி, கூலி தனி, மெஷின் தேய்மானம் தனி, மறுபடி வந்து பார்க்க வேண்டியிருந்தால் அதற்கு ஒரு பங்கு. சிறுதொழில் செய்பவர்களுக்கான உத்யம் பதிவு செய்துகொள் என்றும் சொன்னார். ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் அதற்கு 2,500 கேட்டார்கள். அது இலவசம், ஆதாரும் பானும் இருந்தால் அரசு தளத்தில் நாமே செய்யலாம், நான் மகளை உட்கார வைத்துச் செய்தேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு வேலையை விட்டுவிட்டுச் சொந்தத் தொழில் பாருங்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சித்தப்பாவுக்கு 2016-ல் வின்ச்சில் விரல் மாட்டி மூன்று மாதம் வேலை செய்ய முடியவில்லை, ஒரு ரூபாய் வரும்படி இல்லை, பி.எஃப். இல்லை, பென்ஷன் இல்லை, அறுபத்தெட்டு வயதில் இன்னும் இன்ஜினுக்கு அடியில் படுக்கிறார். மாதம் முடிந்தால் சம்பளம் வருவது பெரிய நிம்மதி, அதை அனுபவித்தவன் நான். நானே 2025 மார்ச்சில் எண்ணூர் பக்கம் மறுபடி ஒரு வேலையில் சேர்ந்துவிட்டேன். ஆனால் சேரும்போது மூன்று விஷயம் கேட்டேன். டெஸ்ட் முடிந்ததும் டபிள்யூ.பி.க்யூ. காப்பி என் கையில் வேண்டும். சி.ஓ.டூ வேலையிலேயே போட்டாலும் ஆறு மாதத்துக்குள் ஒரு தடவையாவது ஆர்கான் ஜாயின்ட் கொடுக்க வேண்டும். லீவு நாளில் காசிமேட்டில் படகு வேலை செய்வேன், அதற்கு ஆட்சேபம் இல்லை என்று எழுதித் தர வேண்டும். எச்.ஆரில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தார், இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை என்றார். மூன்றாவது வாரம் மூன்றையும் கொடுத்தார்கள். கேட்டிருந்தால் பழைய கம்பெனியிலும் கொடுத்திருப்பார்களோ என்னவோ.

மகள் இப்போது பாலிடெக்னிக் சேருகிறாள். விண்ணப்பத்தில் என் பெயருக்குக் கீழே 'வெல்டர், ஆறு ஜி, ஆர்கான்' என்று அவளே எழுதினாள், இடம் போதாமல் பெட்டிக்கு வெளியே போய்விட்டது. அடுத்த தடைக்காலத்துக்கு இரண்டு படகுக்காரர்கள் இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்கள், இரண்டுமே புகைக்குழாய் வேலை. சாமான் அவர்களுடையது, ஒரு குழாய்க்குக் கூலி மட்டும் 2,800 என்று சொல்லியிருக்கிறேன், ஒத்துக்கொண்டார்கள்.